பெண்கொடி எத்தனை? குமரி மலைச்சரிவில் மரமஞ்சள்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட கேள்வி

பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கங்களில் ரப்பர் முடிந்து இயற்கைக் காடு தொடங்கும். அதற்கு மேலே உள்ள ஈரம் வற்றாத சரிவுகள்தான் மரமஞ்சள் கொடியின் இடம். அகத்தியமலைத் தொடர் தெற்கே முடிகிற பகுதி இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தக் கொடி பெரும்பாலும் 500 முதல் 750 மீட்டர் உயரத்தில், பசுமைமாறாக் காட்டிலும் அதை ஒட்டிய அரைப் பசுமைமாறாக் காட்டிலும் வளர்கிறது. தாவரவியலில் இதன் பெயர் காசினியம் பெனஸ்ட்ரேட்டம். நமக்குப் பழக்கமான சீந்திலும் இதுவும் ஒரே குடும்பம். இலங்கையிலும் வளர்கிறது, அங்கே சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள்.

தென்னிந்திய மருந்துத் தாவரங்களை மதிப்பிட்ட வல்லுநர்கள் இதை மிக மோசமான அழிவு நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். இதன் தண்டை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யவும் தடை உண்டு. காரணம் கேட்டால், 'மருந்துக்கு வெட்டி அழித்துவிட்டார்கள்' என்று ஒரே வரியில் பதில் வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வெட்டை நிறுத்திவிட்டால் மட்டும் கொடி ஏன் திரும்பி வராது? கன்று வளர்த்து நட்டாலும், 20 ஆண்டு கழித்துப் பார்க்கும்போது அதன் அடியில் ஒரு விதைகூட விழாமல் போவதற்கு எது காரணமாகும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கொடியின் உடலமைப்பிலும் ஆயுளிலுமே இருக்கிறது. கன்று எடுக்க முயல்கிறவர்கள், இந்த மலையின் பழங்குடிகளான, வன உரிமை பெற்ற காணிக்குடிகள், மலையோர விளைகளில் (தோட்ட நிலங்களில்) மருந்துச்செடி வைக்க நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் கொடி இதுதானா என்று பாருங்கள்

இங்கே பிழை நடந்தால் அதன்பின் செய்கிற எல்லாமே வீண். காட்டில் சீந்தில் குடும்பத்துக் கொடிகள் பல உண்டு. எட்ட நின்று பார்த்தால் எல்லாமே இதய வடிவ இலையும் முறுக்கிய தண்டுமாகத்தான் தெரியும்.

முற்றிய இலை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்புங்கள். மேல்புறம் கரும்பச்சை, பளபளப்பு. அடிப்புறம் வெண்சாம்பல் நிறத்தில், விரலால் தடவினால் மெத்தென்று கம்பளி போல இருக்கும். அந்த வெண்மைக்குள் 5 அல்லது 7 நரம்புகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்த விரல்கள் போலப் புடைத்து நிற்கும். இனி காம்பைப் பாருங்கள். அது இலையின் விளிம்பில் சேராமல், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பி பொருத்தியது போல இலையின் அடிப்புறத்தில் சேர்ந்திருக்கும். காம்பின் இரு முனைகளும் முழங்கை மாதிரித் தடித்திருக்கும். வெண்கம்பளி அடிப்புறம், உள்தள்ளிச் சேர்ந்த காம்பு ஆகிய இரண்டும் ஒரே இலையில் இருந்தால்தான் மரமஞ்சள் என்று மேலே போகலாம்.

சீந்திலுக்குக் காம்பு விளிம்பில் சேரும். தண்டு சதைப்பற்றோடு, காகிதம் போன்ற தோல் உரிந்து, புள்ளிபுள்ளியாகப் புடைத்திருக்கும். மேலிருந்து நூல் போல விழுதும் விடும். பாடக்கொடியின் காம்பு உள்தள்ளித்தான் சேர்கிறது என்றாலும், அது மெல்லிய கொடி, மரமாக முற்றாது. ஏமாற்றக்கூடியது காக்கைக்கொல்லிதான். அதுவும் தடித்த மரக்கொடி, அதுவும் பெரிய இலை. ஆனால் அதன் இலையடியில் நரம்பு பிரியும் மூலைகளில் மட்டுமே சிறு முடிக்கற்றை இருக்கும். மற்ற இடம் மொழுமொழுவென்று இருக்கும். அதன் விதை நஞ்சு. மீனை மயக்கப் பயன்படுத்திய விதை அதுதான். மருந்துக்கு வெட்டுகிற இடத்தில் இந்த இரண்டையும் மாற்றி எடுப்பது ஆபத்து.

இளங்கன்றில் கம்பளி அடிப்புறம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால் காட்டில் கிடைத்த கன்றை இலையை மட்டும் நம்பிப் பெயர் சொல்லாதீர்கள். அருகில் முற்றிய கொடி இருக்கிறதா என்று தேடுங்கள்.

வெட்டிய அடித்தண்டு சொல்வது

தண்டின் குறுக்குவெட்டு இந்த ஆய்வுக்கு முக்கியமான சாட்சி. புதிதாக வெட்டிய முகம் அடர் மஞ்சளாக இருக்கும். நடுவிலிருந்து விளிம்புவரை வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போலக் கதிர்கள் ஓடும். ஆரக்கால்களுக்கு இடையே நீரேற்றும் குழாய்கள் ஊசித்துளைகளாக வெறும் கண்ணுக்கே தெரியும். நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின் என்ற தாவர வேதிப்பொருள் (ஆல்கலாய்டு). கண்நோய், புண், காய்ச்சல், சர்க்கரை நோய் எனப் பலவற்றுக்கும் வைத்தியர்கள் இதைத் தேடுவதற்கு முதன்மைக் காரணம் அதுவே.

மருந்தாகும் பகுதி தண்டும் வேரும். இந்த ஒன்றிலேயே கொடியின் பாடு பாதி முடிவாகிவிடுகிறது. இதே மலையில் காணிக்காரர்கள் வழியாக வெளியுலகம் அறிந்த ஆரோக்கியப்பச்சையில், மருந்துக்குப் பறிப்பது இலை. அளவோடு பறித்தால் செடி நிற்கும். மரமஞ்சளில் பறிப்பதே உடலை. கனமான தண்டுக்கு விலை கூடுதல் என்பதால், வெட்டுகிறவர் முதலில் தேடுவது முற்றிய கொடியைத்தான். முற்றிய கொடி என்றால் பூக்கும் கொடி. விதையிலிருந்து முளைத்த கொடி முதல் பூ காண ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே ஒரு சரிவில் தடித்த கொடிகளை மட்டும் வெட்டி எடுத்தாலும், எண்ணிக்கையில் கொஞ்சமே குறைந்ததாகத் தோன்றினாலும், விதை தரும் தலைமுறை முழுவதும் போய்விடுகிறது. மிஞ்சிய இளங்கொடிகளைப் பார்த்து 'இங்கே இன்னும் நிறைய இருக்கிறது' என்று குறித்துக்கொள்வது, குழந்தைகள் மட்டும் உள்ள ஊரை எண்ணிவிட்டு ஊர் பெருகும் என்று சொல்வதற்குச் சமம்.

அடித்தண்டு நிற்கிறதா, குழியாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தரைக்கு மேல் அரை மீட்டராவது தண்டை விட்டு வெட்டியிருந்தால் அடியிலிருந்து மறுதுளிர் வர வாய்ப்பு உண்டு. வேரையும் தோண்டி எடுத்திருந்தால் அந்தக் கொடிக்கு அதோடு முடிவு. சரிவில் நடந்து அடித்தண்டுகளையும் குழிகளையும் தனித்தனியாக எண்ணினால், அந்த இடத்தில் இனி மறுதுளிரை நம்பலாமா, புது நடவு வேண்டுமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

மருந்துக்காக அல்லாமலும் கொடி வெட்டப்படுகிறது. மரம் வளர்ப்புக்காகச் செய்யும் பணிகளில் கொடிவெட்டு என்பது பழைய, வழக்கமான ஒரு வேலை. தேக்கிலும் மற்ற மரங்களிலும் ஏறிய கொடி, மரத்தின் வளர்ச்சியைக் கெடுக்கும் களை என்றே கணக்கு. ரப்பரிலும் அப்படித்தான். 1984-இல் அரசு ரப்பர் கழகம் உருவாவதற்கு முன்பிருந்தே இந்த மலையடிவாரத்தில் காடு ரப்பராக மாறத் தொடங்கிவிட்டது. காட்டோரத்திலிருந்து ரப்பருக்குள் விழுந்த விதை முளைத்தாலும், ஆண்டு களைவெட்டில் அரிவாள் அதைத் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் நடக்கும் இந்த வெட்டு, காட்டோரங்களில் புதிய தலைமுறையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த ஓர் இலையை, அதன் வெண்கம்பளி அடிப்புறத்தைக் காட்டிக்கொடுப்பது செலவில்லாத காரியம், பலன் பெரிது.

ஆண், பெண் கணக்கு

மரமஞ்சளில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பனையைப் போல. பனைத்தோப்பு வைத்திருப்பவருக்கு அலகுப்பனையில் நுங்கு எதிர்பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடி விஷயத்தில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

நட்ட கன்றுகளில் ஆணும் பெண்ணும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். விதைக்கன்று 2 நட்டால், இரண்டும் ஒரே பாலாக அமைந்துவிட 2-க்கு 1 வாய்ப்பு. 3 நட்டால் 4-க்கு 1. 5 நட்டால் 16-க்கு 1. 10 கன்று உயிரோடு நின்றால் 512-க்கு 1. அப்போதுதான் கவலைப்படாமல் இருக்கலாம். இது நிலைத்து நிற்கும் கன்றுகளின் கணக்கு, நடும் கன்றுகளின் கணக்கு அல்ல. பாதி சாகும் இடம் என்றால் 20 நட வேண்டும்.

இனி, இதைவிடப் பெரிய பொறி. தண்டு வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று எல்லாம் தாய்க்கொடியின் பாலையே கொண்டிருக்கும். ஒரே தாய்க்கொடியிலிருந்து 500 கன்று எடுத்து மாவட்டம் முழுக்கக் கொடுத்தாலும், அது ஆண்கொடியாக இருந்தால் 500-உம் ஆண். பைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றி போலத் தெரியும். 15 ஆண்டுக்குப் பிறகு ஒரு பழமும் இருக்காது. கேட்பதற்கு எளிய விஷயமாக இருந்தாலும், இதைக் கவனிக்காத நடவை மீட்பு நடவு என்று அழைக்க முடியாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்தக் கன்று எந்தத் தாயிலிருந்து வந்தது என்று பையிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு நடவுக் கூட்டத்தில் குறைந்தது ஓர் ஆண் தாயும் இரண்டு மூன்று பெண் தாய்களும் கலந்திருக்க வேண்டும்.

பாலைக் கண்டுபிடிப்பது எப்படி? பூ சிறிது. குன்றிமணியை ஒத்த அளவில் உருண்டைத் திரளாக, இலைக்கக்கத்திலும் இலை உதிர்ந்த பழைய தண்டிலும் வரும். மேலே எட்டாத உயரத்தில் பூக்கும் என்பதால் கொடியின் அடியில் விழுந்து கிடக்கும் திரள்களைப் பொறுக்கி, கைவில்லையில் பாருங்கள். ஆண்பூவில் 6 மகரந்தக் காம்புகள். பெண்பூவின் நடுவில் 3 முதல் 6 வரை ரோமம் மூடிய சிறு சூலறைகள் நிற்கும். பழம் கண்டால் சந்தேகமே வேண்டாம்: மஞ்சள்கலந்த பழுப்பு வெல்வெட் போர்த்திய உருண்டை, உள்ளே கெட்டி ஓடு. பழம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆண் என்று முடிவுகட்டாதீர்கள். பக்கத்தில் ஆண் இல்லாத பெண்கொடியும் பழம் தராது.

வெட்டுக்குத் தப்பி ஒற்றையாக நிற்கும் ஒரு பெரிய கொடியின் நிலையும் இதுதான். அது இன்னும் பல ஆண்டு உயிரோடு இருக்கலாம், பூக்கலாம். துணை இல்லாததால் இனப்பெருக்கக் கணக்கில் அது இப்போதே இல்லாதது. வெட்டை நிறுத்தியும் கொடி திரும்பாததற்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது.

கன்று எடுக்கும் மூன்று வழிகள்

பதியன்தான் இருப்பதில் பாதுகாப்பான வழி. அதனால் அதை முதலில் சொல்கிறோம். கொடியின் இளம் தண்டு தரையில் தவழ்ந்து கிடக்கும் இடம் கிடைத்தால், கணுவின் அடிப்பக்கத்தில் 3 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மட்டும் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை இலைமக்கும் மணலும் சரிபாதி கலந்த மண்ணில் 8 செ.மீ. ஆழம் புதைத்து, மேலே கவைக்குச்சி குத்தி, கல் வைத்துவிடுங்கள். தாயிலிருந்து உணவு வந்துகொண்டே இருப்பதால் வேர்பிடிக்கத் தாமதமானாலும் கன்று சாகாது. மழைக்காலத்தில் தொடங்கினால் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. வேர் வந்தபின் ஒரே வெட்டில் பிரிக்காதீர்கள். முதலில் தண்டின் பாதிக் கனம், 3 வாரம் கழித்து மீதி. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஓகி போன்ற புயலில் மரத்தோடு சாய்ந்து தரையில் கிடக்கும் மரக்கொடிகளை, விறகு ஒதுக்குகிறவர்கள் இறந்ததாக எண்ணி வெட்டிவிடுவார்கள். அப்படிக் கிடக்கும் தண்டுதான் பதியனுக்கு மிகத் தோதானது.

அடுத்தது தண்டுத்துண்டு. பென்சில் கனம் முதல் சுண்டுவிரல் கனம் வரை, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய பகுதி வேண்டும். முற்றிய தண்டு துளிர்க்கும், ஆனால் வேர் விடாது. குருத்துத் தண்டு அழுகும். 15 முதல் 20 செ.மீ. நீளம், 3 கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றே கீழே, சாய்வாக. மேலே ஒரே ஓர் இலையைப் பாதியாக நறுக்கி விடுங்கள். வெட்டிய அன்றே, ஈரச்சாக்கில் சுற்றிய நிலையில் நாற்றங்காலுக்கு வந்துவிட வேண்டும்.

வேர் ஊக்கிக்கு இன்டோல் பியூட்டிரிக் அமிலம். 2000 பிபிஎம் கரைசல் 100 மில்லி வேண்டுமானால் 200 மில்லிகிராம் தூளை முதலில் 50 மில்லி எத்தில் ஆல்கஹாலில் முழுவதும் கரைத்து, பிறகு 50 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தூளை நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாது. வெள்ளையாகத் திரண்டு மிதக்கும், அந்தக் கரைசலால் பயனில்லை. துண்டின் அடி 2 செ.மீ. வரை 5 முதல் 10 நொடி தோய்த்து, ஈரம் உலர்ந்ததும் ஊன்றுங்கள். அதிக நேரம் ஊறவைத்தால் ஆல்கஹாலில் அடி கருகும். ஊன்றும் ஊடகம் ஆற்றுமணலும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சரிபாதி. தொழுஉரம் இந்தக் கட்டத்தில் வேண்டாம், அழுகலைக் கொண்டுவரும். மேலே பாலித்தீன் கூடாரம், அதற்கு மேல் 75 சதவீத நிழல்வலை.

இங்கே எல்லோரையும் ஏமாற்றுவது துளிர். ஊன்றிய சில வாரங்களில் கணுவில் இலை விரியும். தண்டில் ஏற்கனவே சேர்த்து வைத்த உணவில் வந்த இலை அது. வேர் வராவிட்டால் கையிருப்பு தீர்ந்ததும் இலை வாடி, தண்டு கருத்துவிடும். ஆகவே துளிரை எண்ணி 'இத்தனை சதவீதம் பிடித்தது' என்று எழுதாதீர்கள். 10 வாரம் கழித்து, 20 துண்டுக்கு ஒன்றைக் கிளப்பி வேரைப் பாருங்கள். மெல்ல இழுத்தால் எதிர்த்து நிற்கிற துண்டே கன்று.

மூன்றாவது வழி விதை. மீட்பு நடவுக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை, ஏனெனில் ஆணும் பெண்ணும் கலந்து வருவதும், வெவ்வேறு மரபு வருவதும் இதில் மட்டும்தான். பழத்தின் வெல்வெட் தோல் பச்சை நீங்கிப் பழுப்பேறியதும் எடுத்து, சதையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடாமல் அன்றே ஈரமணலில் 3 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். ஓடு கெட்டி என்று சுத்தியலால் உடைப்பவர்கள் உள்ளிருக்கும் பருப்பையும் கீறிவிடுகிறார்கள், வேண்டாத வேலை. முளைப்பு மாதக்கணக்கில், ஒன்றிரண்டாக வரும். மூன்றாம் மாதம் பாத்தியைப் பார்த்து 'சொத்தை விதை' என்று கலைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. குறைந்தது ஓராண்டு அந்தப் பாத்தியைத் தொடாமல், ஈரம் காயாமல் வைத்திருங்கள். எலிக்கு எதிராக மேலே கம்பிவலை அவசியம். ஒரு கொடியின் பழம் முழுவதையும் அள்ளாமல் பாதியையாவது காட்டுக்கே விட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

பைக்கு மாற்றும்போது செம்மண் 2, மணல் 1, மக்கிய உரம் 1. 25 செ.மீ. உயரப் பை நல்லது. குட்டைப் பையில் வேர் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் அதே சுருளிலேயே நின்றுவிடும்.

நடும் இடம், ஏற்றும் கம்பு

குமரிக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழை. வைகாசிக் கடைசியில் முதல் மழை நனைத்ததும் நட்டால், ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்த்து ஏழெட்டு மாத ஈரம் கிடைக்கும். ஐப்பசியில் நட்டால் முன்னால் ஒரு நீண்ட கோடை நிற்கிறது. இந்த மாவட்டத்துக்கு உள்ள இந்தச் சலுகையை வீணாக்காதீர்கள்.

குழி 45 செ.மீ. கனசதுரம். சரிவில் கீழ்ப்பக்கம் அரைவட்டமாகக் கல்லடுக்கி மண்ணைத் தாங்க வேண்டும். நீர் தேங்கும் பள்ளம் கூடாது. ஓடைக்கு மேலே, வழிந்தோடும் கரை நல்லது. வெளிச்சம் சல்லடையாக விழும் இடம் தேவை. கொட்டும் வெயிலில் இளங்கொடி கருகும், முழு இருட்டில் அப்படியே நின்றுவிடும்.

மரமஞ்சள் சுற்றி ஏறும் கொடி. பற்றுக்கம்பியோ ஒட்டுவேரோ கிடையாது. அதனால் தடித்த அடிமரத்தை அதனால் சுற்ற முடியாது. பெரிய மரத்தின் அடியில் நட்டுவிட்டு 'பிடித்து ஏறிக்கொள்ளும்' என்று வந்துவிட்டால், கொடி தரையிலேயே சுருண்டு கிடக்கும். கை மணிக்கட்டு கனத்துக்குள் உள்ள இளமரத்தின் அருகில் நடுங்கள். இல்லாவிட்டால் கமுகுச் சட்டமோ மூங்கிலோ ஊன்றி, அதிலிருந்து பெரிய மரத்தின் முதல் கிளைக்குத் தேங்காய்நார்க் கயிறு கட்டிவிடுங்கள். கயிற்றில் ஏற்றும்போது, கொடி தானாகச் சுற்றியிருக்கும் திசையைப் பார்த்து அதே திசையில் சுற்றிவிட வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஒரு வாரத்தில் அவிழ்ந்து விழும், நுனியும் ஒடியும். நைலான் கயிறு தண்டை அறுக்கும். ரப்பர் மரத்தில் ஏற்றாதீர்கள்: பால்வெட்டுப் பட்டையை மறைக்கும், வெட்டுகிறவர் அறுத்தெறிவார், அது அவர் குற்றமும் ஆகாது. விளைகளில் பலா, அயனி, மா இவற்றோரம் வைக்கலாம்.

10 கன்றை 10 இடத்தில் நடுவதைவிட ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று 4 மீட்டர் தள்ளிக் கூட்டமாக நடுவது மேல். சிறு பூச்சி ஒரு கொடியிலிருந்து மறு கொடிக்குப் போக வேண்டுமே. பன்றி கிளறும் இடத்தில் 2 ஆண்டு முள்வேலி வேண்டும். களைவெட்டு நாளில் உடன் ஆள் நிற்க வேண்டும்; நட்ட கன்று அதிகம் சாவது வறட்சியைவிட அரிவாளால் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். பெயர்ப்பலகை மட்டும் வைக்காதீர்கள். 'மரமஞ்சள்' என்று எழுதிய பலகை வெட்டுகிறவருக்கு வழிகாட்டி. எண் போட்ட சிறு தகரத் துண்டு போதும். இடக்குறியீட்டைப் படத்தோடு இணையத்தில் போடுவதும் அதே தவறு.

அறுவடையும் கடைச்சரக்கும்

மாவட்டக் காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைந்து, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பேச்சிப்பாறை, 1993-இல் தொடங்கிய மருந்துத் தாவரப் பாதுகாப்புப் பகுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தேர்ந்த இடங்களில் ஒன்று. ஆகவே தாய்க்கொடியிலிருந்து தண்டோ விதையோ எடுக்க மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். சிறுவனப் பொருள் உரிமை உள்ள காணிக்குடிகள் 2006 வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைத் தீர்மானத்தோடு போவது வலுவானது. சொந்த விளையில் நட்டவர்கள் உள்ளாட்சியின் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுவில் நட்ட அன்றே பதிந்துகொள்ளுங்கள். உயிரியல் பன்மைச் சட்டத்துக்கு வந்த 2023 திருத்தச் சட்டத்தில், பயிரிட்ட மருந்துத் தாவரத்துக்குப் பிறப்பிடச் சான்று இருந்தால் பலன்பகிர்வுக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. பின்னாளில் வெட்டும்போது 'இது காட்டுச் சரக்கு இல்லை' என்று காட்ட அந்தப் பதிவைவிட நல்ல சான்று இராது.

விளையில் வெட்டும் நாள் வந்தால் இடுப்பு உயரத்தில், சாய்வாக, கூரிய அரிவாளால். ஒரு தூரில் பல தண்டு இருந்தால் ஒன்றையாவது விடுங்கள். காய்த்திருக்கும் பெண்கொடியைத் தொடாதீர்கள். வேருக்கு மண்வெட்டி போகவே கூடாது. தண்டைப் பச்சையாகவே 5 செ.மீ. துண்டுகளாக அறுத்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின் அறுக்க முயன்றால் வாள்பல் மழுங்கும்.

கடையில் 'மரமஞ்சள்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு புழங்குகிறது. ஒன்று இந்தக் கொடி. மற்றது வடக்கே இமயமலைப் பக்கம் வளரும் பெர்பெரிஸ் என்ற முட்புதர். வடமொழி நூல்கள் தாருஹரித்ரா என்பதற்கு அங்கே எடுப்பது அதைத்தான். இரண்டிலும் பெர்பெரின் உண்டு, இரண்டும் மஞ்சள், இரண்டும் கசப்பு. துண்டாக இருந்தால் குறுக்குவெட்டைப் பாருங்கள்: அகன்ற ஆரக்காலும் ஊசித்துளையும் தெளிவாகத் தெரிந்தால் கொடி, நெருங்கிய கெட்டி இழையாக இருந்தால் புதர். எந்த மருந்துக்கு எது என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். புதர்ச்சரக்கு போதுமான மருந்துக்குக் கொடியைக் கேட்டு வாங்காதிருப்பது, குமரி வைத்தியசாலைகள் இந்தக் கொடிக்கு உடனடியாகச் செய்யக்கூடிய உதவி.

தூளாக வாங்கினால் சமையல் மஞ்சள் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகைத் தூள், அதன்மேல் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் இரண்டு சொட்டு. சமையல் மஞ்சள் இருந்தால் ஆரத்தி போலச் சிவக்கும். சுத்தமான மரமஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஓர் எச்சரிக்கையும் இங்கே சேர வேண்டும்: பெர்பெரின் உள்ள எந்தச் சரக்கையும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளக் கூடாது, பிறந்த குழந்தைக்கும் தரக்கூடாது, மஞ்சள்காமாலையை அது ஆபத்தான அளவுக்குக் கூட்டிவிடும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம்.

பதிவேடு

ஒரு நடவுக்கு ஒரு நோட்டு. கன்றின் எண், தாய்க்கொடியின் எண், விதையா பதியனா துண்டா, நட்ட நாள், ஏற்றிய மரம், ஆண்டுக்கொருமுறை இடுப்பு உயரத்தில் தண்டின் சுற்றளவு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பால்'. பதியனுக்கும் துண்டுக்கும், தாயின் பால் தெரிந்திருந்தால், நட்ட அன்றே அதை நிரப்பிவிடலாம். விதைக்கன்றுக்கு முதல் பூ வரும்வரை வெற்றாக விட வேண்டும், ஊகித்து எழுதக் கூடாது. நோட்டு ஒன்று காணிக்குடியின் தலைவரான மூட்டுக்காணியிடமும், நகல் ஒன்று பக்கத்துப் பள்ளியிலோ ஊராட்சியிலோ இருக்கட்டும். நட்டவர் இடம் மாறிப் போயிருப்பார், திட்டத்தின் காசு முடிந்திருக்கும். 15-ஆம் ஆண்டில் கொடியடியில் உதிர்ந்த பூத்திரளைப் பொறுக்கிக் கைவில்லையில் பார்க்கப்போகும் ஆளுக்கு, இந்தக் கொடி எந்தத் தாயின் பிள்ளை என்று அந்த நோட்டில் தெரிந்தால் போதும்.